வைட்பேண்ட் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்? ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ட்யூனிங்

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகு பைக்கில் ஒரு இடத்தில் மட்டும் இழுவை சரியில்லை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக முறுக்கி 3,500 ஆர்பிஎம் பக்கத்தில் பிடித்தால் உதறும். சட்டென்று விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். கம்பெனி இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) நிதானமான ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்தான், ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கினால் சென்சாரைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, எவ்வளவு பெட்ரோல் என்று டேபிளில் எழுதியிருப்பதைத்தான் ஊற்றும். எனக்கு அந்த டேபிளே வேண்டும் என்பதால் ஸ்பீடுயினோவுக்கு மாறினேன். ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடும் திறந்த மூல இசியூ அது. லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ வழியாக ஆர்பிஎம் ஒரு பக்கம், இன்டேக் அழுத்தம் மறுபக்கம் என 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட எரிபொருள் டேபிளைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக மாற்றலாம்.

டேபிளில் கை வைக்கும் முன், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அளந்தேன். பலரும் தாண்டிப் போகும் வேலை இது, ஆனால் மற்ற எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. மின்சாரம் பாய்ந்த உடனே இன்ஜெக்டர் திறந்துவிடாது; ஊசி எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தச் செத்த நேரத்தில் (டெட் டைம்) பெட்ரோல் வராது. ஐடிலில் இன்ஜெக்டருக்குக் கொடுக்கும் மொத்த மின் துடிப்பே 2 மில்லிசெகண்ட் அளவில் இருக்கும்போது அதில் கிட்டத்தட்ட பாதி செத்த நேரமாகவே போய்விடலாம். இதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பம்ப் அழுத்தம் 3 பார், பேட்டரி 14 வோல்ட் என நிலையாக வைத்துக்கொண்டு, 3 மில்லிசெகண்ட் நீளத்தில் 1,000 துடிப்பு கொடுத்து அளவுக் குழாயில் பிடிக்க வேண்டும். அப்புறம் 6 மில்லிசெகண்டில் 1,000 துடிப்பு. எனக்குக் கிடைத்தது முதலில் 5.25 மில்லி, பிறகு 12.75 மில்லி. கூடுதலாகத் திறந்திருந்த 3 விநாடிக்கு 7.5 மில்லி என்றால் விநாடிக்கு 2.5, நிமிடத்துக்கு 150 மில்லி. அந்த வேகத்தில் 5.25 மில்லி வர 2.1 விநாடி போதும். ஆனால் மின்சாரம் பாய்ந்ததோ 3 விநாடி. ஆக, ஒரு துடிப்புக்கு 0.9 மில்லிசெகண்ட் வீண். 12 வோல்ட்டில் இது இன்னும் கூடும், அதனால் வோல்டேஜ் திருத்தத்தையும் சேர்த்தே நிரப்பினேன். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். திறந்த வெளியில், தீப்பொறிக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். தீயணைப்பானைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

அடுத்தது சென்சார். பைக்கில் வரும் நேரோபேண்ட் சென்சார் கலவை சரியான புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அதனால் அந்தத் தூரத்தையும் அளக்கும் பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சாரைப் போட்டேன். அதற்கு 18 மில்லிமீட்டர் மரை போட்ட போல்ட் இருக்கை ஒன்றை எக்ஸாஸ்ட் பைப்பில் வெல்டு செய்ய வேண்டும். சென்சார் படுத்திருக்கக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த பைப்பில் சேரும் நீர் சூடான பீங்கான் மேல் பட்டு விரிசல் விடும். ஹெட்டுக்கு மிக அருகில் வைத்தால் சூடு தாங்காது. வால் பக்கம் வைத்தால் வெளிக்காற்று திரும்பி உள்ளே வந்து கணக்கைக் கெடுக்கும்.

ரீடிங்கை ஏர்-ஃப்யூயல் விகிதமாக இல்லாமல் லாம்டாவாகவே வைத்துக்கொண்டேன். சரியான கலவைக்குத் தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதே லாம்டா: 1-க்கு மேல் லீன் (பெட்ரோல் குறைவு), 1-க்குக் கீழ் ரிச் (பெட்ரோல் அதிகம்). சென்சார் அளப்பது லாம்டாவைத்தான். 14.7 என்பது சுத்தமான பெட்ரோலுக்கான பெருக்கல் எண். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலில் அது சுமார் 14.1 ஆகிவிடும். லாம்டா 1 என்றால் எந்தக் கலப்பிலும் 1தான்.

ஒற்றை சிலிண்டரில் இன்னொரு சிக்கல், இன்டேக் அழுத்தம். நான்கு சிலிண்டர் காரில் அது ஓரளவு நிலையாக இருக்கும். இங்கே உறிஞ்சும் நேரத்தில் மட்டும் சட்டென்று இறங்கி, மீதி நேரம் வெளிக்காற்று அழுத்தத்துக்கே திரும்பிவிடும். சராசரி எடுத்தால் சின்ன முறுக்குகளுக்கு இடையே வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த அழுத்தத்தைப் பிடிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்ததும் டேபிளின் வரிசைகள் ஒழுங்காகப் பிரிந்து நின்றன.

இதற்கு அப்புறம் கணக்கு எளிது. கட்டத்தில் இருக்கும் பழைய எண்ணை அளந்த லாம்டாவால் பெருக்கி, இலக்கு லாம்டாவால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 62 இருக்கிறது, அளந்தது 1.08, இலக்கு 0.95 என்றால் புது எண் 70.5. நிதானமான ஓட்டத்துக்கு 0.98 முதல் 1 வரை, முழு முறுக்குக்கு 0.87 என இலக்கு வைத்தேன். காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் முழு சுமையில் கொஞ்சம் ரிச்சாகவே வைப்பது என் விருப்பம். இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரம்) அடக்கமான ஒரு மேப்பில் வைத்துவிட்டு அதைத் தொடவே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு அளந்த எண் உண்மையாக இருந்தால் மட்டுமே செல்லும். வைட்பேண்ட் பெட்ரோலை அளப்பதில்லை, மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கிறது. ஒரு சுற்று தீப்பிடிக்காமல் போனால் அந்தக் காற்று முழுக்க அப்படியே வெளியே வரும், எண் லீன் பக்கம் ஓடும். கலவை ரிச்சாகிப் பிளக் நனைந்து தவறினாலும் அது லீன் என்றுதான் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் இன்னும் தவறும், இன்னும் லீன் காட்டும். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தாலும் இதே கதைதான்.

என் பைக்கில் ஐடிலில் 1.12 காட்டியது. டேபிளைத் திருத்தும் முன் இன்ஜினையே கேட்டுப் பார்த்தேன். 5 சதவீதம் கூட்டினால் ஆர்பிஎம் இறங்கியது. 5 சதவீதம் குறைத்தால் கொஞ்சம் ஏறி, இன்டேக் அழுத்தமும் நன்றாக இறங்கியது. உண்மையிலேயே லீனாக இருந்திருந்தால் நேர்மாறாக நடந்திருக்கும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டும் எண் மாறவில்லை. குட்டையான சைலன்சர் வழியாக வெளிக்காற்று பின்வாங்கி வருவதுதான் காரணம். அதனால் ஐடில் கட்டங்களை எண்ணைப் பார்க்காமல் ஆர்பிஎம்மையும் அழுத்தத்தையும் பார்த்தே முடித்தேன். 2,500-க்கு மேல் கூட்டிக் குறைக்கும் சோதனையும் சென்சாரும் ஒரே பதிலைச் சொன்னதால், அங்கிருந்து எண்ணை நம்பினேன்.

ஓட்டும்போது பதிவாகும் லாக்கிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும் நேரம், இன்ஜின் சூடாகாத நேரம், ஆக்ஸிலேட்டர் நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்தேன். குறைந்த ஆர்பிஎம்மில் புகை சென்சாரை வந்தடையவே சில நூறு மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் முறுக்கு மாறியிருந்தால் ஒரு கட்டத்தின் ரீடிங் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்காரும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் சில விநாடிகள் அசையாமல் பிடித்தேன். முழு சுமைக் கட்டங்களை டைனோவில் (பைக்கை நிறுத்தி வைத்து ஓட்டி இழுவையை அளக்கும் இயந்திரம்) மட்டும் செய்தேன். மற்றவை போக்குவரத்து இல்லாத மூடிய பாதையில். லேப்டாப் பையில் பதிவு செய்தபடி இருக்கும், நின்ற பிறகுதான் திறந்து பார்ப்பேன்.

உதறிய இடத்தில் லாம்டா 1.15 வரை போயிருந்தது. அங்கே 12 சதவீதத்துக்கு மேல் ஏற்றிய பிறகு உதறல் போய்விட்டது, விடும்போது வரும் வெடிப்பும் நன்றாகக் குறைந்தது. டேபிளை முப்பரிமாணப் படமாகப் பார்த்தபோது 4,500 அருகே ஒரு பள்ளம் தெரிந்தது. அழகுக்காக அதை இழுத்துச் சமப்படுத்தவில்லை. புது சைலன்சரின் அதிர்வு அலையால் அந்த இடத்தில் சிலிண்டர் உண்மையாகவே குறைவாக நிரம்புகிறது; டைனோவின் டார்க் (இழுவிசை) கோட்டிலும் அதே இடத்தில் சரிவு இருந்தது.

சட்டென்று முறுக்கும்போது வரும் தயக்கத்தைக் கடைசியில்தான் எடுத்தேன். காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோலில் ஒரு பகுதியோ இன்டேக் சுவரில் படிந்து தாமதமாகப் போகும். லாக்கில் அந்தக் கணம் 1.3 என ஒரு கூர்முனையாகத் தெரிந்தது. முறுக்கும் கணத்தில் மட்டும் கூடுதல் பெட்ரோல் ஊற்றும் ஆக்ஸிலரேஷன் சேர்ப்பைச் சிறுகச் சிறுகக் கூட்டி, கூர்முனை மறைந்த இடத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் வேறு மாதிரியான மந்தம் வருகிறது.

இப்போது மிச்சம் இருப்பது குளிர் ஸ்டார்ட். சென்சார் சூடாகும் வரை எண் கிடையாது, காதை வைத்துத்தான் செய்ய வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறினால்தான் அடுத்த முயற்சி என்பதால் மெதுவாகவே நகர்கிறது. 25 டிகிரிக்கு மேலான வார்ம்-அப் எண்கள் நிலைத்துவிட்டன. அதற்குக் கீழே உள்ளவற்றுக்குக் குளிர்ந்த காலை வேண்டும்.