எம்15 வாரத்தின் வரவு செலவு

ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் முதல் படி எம்15 போட்டி. மொத்தப் பரிசு 15,000 டாலர். அதை 32 பேர் கொண்ட ஒற்றையர் பிரிவும் இரட்டையர் பிரிவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர். இரண்டாம் சுற்றில் 258, காலிறுதியில் 438, அரையிறுதியில் 752, இறுதியில் தோற்றால் 1,272. கோப்பையை வென்றவருக்கு 2,160. இதிலும் அந்தந்த நாட்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். தகுதிச் சுற்றிலேயே வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது.

அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 60 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஏழு நாளைக்கு 420. காலிறுதிவரை போனவரின் பணம் அறையோடு சரி. விமானக் கட்டணம், ராக்கெட்டின் நரம்பான ஸ்ட்ரிங், துணி துவைக்கும் செலவு எல்லாம் கைக்காசுதான். பயிற்சியாளரைக் கூட்டிவந்தால் டிக்கெட், அறை எல்லாமே இரட்டிப்பு. அதனால்தான் இந்த மட்டத்தில் பெரும்பாலானவர்கள் தனியாகச் சுற்றுகிறார்கள், அல்லது மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொள்கிறார்கள்.

விமானச் செலவைக் குறைக்கத்தான் துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா, எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் போன்ற ஊர்களுக்குப் போகிறார்கள். ஒரே வளாகத்தில் வாரம் தவறாமல் போட்டி நடக்கும், நான்கு வாரம் அங்கேயே தங்கி ஆடலாம். ஆனால் இதில் ஒரு வலை இருக்கிறது. எம்15 கோப்பைக்கு 15 தரவரிசைப் புள்ளி. இறுதியில் தோற்றால் 8. அந்த 8 புள்ளியை, எம்15-ஐவிட மேல்மட்டமான சேலஞ்சர் 50 போட்டியில் காலிறுதியை எட்டினாலே பெற்றுவிடலாம், அந்தக் கோப்பைக்கோ 50 புள்ளி. எம்15-இல் தொடர்ந்து வெல்லத் தொடங்கியவர் தரவரிசை இடம்கொடுத்த மறுவாரமே சேலஞ்சர் தகுதிச் சுற்றுக்குப் போய்விட வேண்டும். அங்கே நாலு வாரம் வரிசையாகத் தோற்றாலும் பரவாயில்லை என்பது என் உறுதியான கருத்து. புள்ளி 52 வாரத்தில் கழிந்துவிடும். கீழேயே சேர்த்த புள்ளியைக் காப்பாற்ற அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போக நேர்கிறது. பலருக்கு இருபதுகளின் நடுப்பகுதி இப்படித்தான் கரைகிறது.

பெயர் கொடுப்பதும் ஒரு தனிக் கலை. எம்15-க்கு, போட்டி வாரத்துத் திங்களுக்கு 18 நாள் முன்பு வரும் வியாழனோடு பதிவு முடியும். 13 நாள் முன்பு வரும் செவ்வாய்க்குள் அபராதமில்லாமல் விலகலாம். ஒரே வாரத்துக்குப் பல ஊர்களில் பெயரைக் கொடுத்துவிட்டு, பட்டியலில் எங்கே ஏறும் என்று கணிக்க வேண்டும். காத்திருப்பில் ஐந்தாவது இடம் என்றால் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா? முன்பே எடுத்தால் மலிவு, ஆனால் இடம் கிடைக்காமல் போகலாம். இடம் உறுதியாகும்வரை பொறுத்தால் விலை ஏறிவிடும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு விசாத் தலைவலியும் சேரும். கடவுச்சீட்டு தூதரகத்தில் கிடக்கும் வாரத்தில் வேறு நாட்டுக்குப் போக முடியாது. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான். ஐரோப்பாவின் களிமண் ஆடுகளப் பருவம் முழுவதையும் அதற்குள் அடக்க வேண்டும்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் அனுபவசாலிகள் சிக்கனமானவர்கள். 200 மீட்டர் ரீல் வாங்கினால், ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம் 16 முறை போடலாம். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் அறுவதற்கு முன்பே இறுக்கத்தை இழந்துவிடும், பந்து நீளமாகப் பறக்கத் தொடங்கும். ஆகவே அறுபடாவிட்டாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். போட்டித் திடலில் கூலி கொடுத்துப் போட்டால் வாரத்துக்கு நூறு டாலர் சுலபமாகப் போய்விடும். அதனால் சிலர் சின்ன இயந்திரத்தையே பெட்டியில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். காசு மிச்சம் பிடிக்கப் பழைய ஸ்ட்ரிங்கிலேயே பயிற்சி செய்பவருக்கு முழங்கையும் மணிக்கட்டும் முதலில் வலிக்கும். ஊருக்கு ஊர் பந்தின் பிராண்டும் மாறும். கனமான பந்துக்குப் போன முதல் இரண்டு நாளில் சர்வீஸ் பயிற்சியைக் குறைக்காவிட்டால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

காயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், காயத்துக்கு முந்தைய இடத்தைக் காக்கும் ‘பாதுகாக்கப்பட்ட தரவரிசை’க்கு விண்ணப்பித்துத் திரும்பும்போது சில போட்டிகளில் நுழையலாம். நான்கு மாதக் காயத்துக்கு அந்த வசதி இல்லை. அதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது.

உண்மையான வருமானம் பலருக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியின் டென்னிஸ் கிளப் லீக்கான புண்டஸ்லீகா, பிரான்சின் கிளப் ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கிளப் பணம் தரும். தரவரிசைப் புள்ளி கிடையாது, ஆனால் அடுத்த சில மாதத்துப் பயணச் செலவு அதிலிருந்து வரும்.

சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-இல் அன்டால்யாவில், அப்போது உலகின் 8-ஆம் இடத்திலிருந்த டொமினிக் தீம் என்ற வீரரை வென்றவர். 2018-இல் நியூபோர்ட்டில், ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கமான ஏடிபியின் மேல்மட்டப் போட்டியில் இறுதிக்குப் போனார், அதே மாதம் 111-ஆம் இடத்தைத் தொட்டார். அவரது முதல் சேலஞ்சர் ஒற்றையர் பட்டம் 2021 நவம்பரில் மனாமாவில்தான் வந்தது. கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் தரவரிசைப்படி 104 பேர் நேரடியாக இடம்பெறுவார்கள். 111 என்ற எண் அந்த வாசலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு இந்திய வீரரான சுமித் நாகல் அந்த வாசலைத் தாண்டியவர். தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மீதி, ஆண்டுச் செலவோ சுமார் 1 கோடி ரூபாய் என்று 2023 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, 31-ஆம் தரநிலை பெற்ற அலெக்சாண்டர் புப்ளிக்கை வீழ்த்தினார். இரண்டாம் சுற்றுக்கான தொகை 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். ஐம்பது எம்15 கோப்பைகளை வென்றாலும் அவ்வளவு சேராது. அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் 100 பட்டத்தை வென்று 98-ஆம் இடத்துக்கு ஏறினார்.

2024-இல் ஏடிபி குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் தரவரிசையின் முதல் 100 பேருக்கு 3,00,000 டாலர், 175-ஆம் இடம் வரை 1,50,000, 250 வரை 75,000. பரிசுப்பணம் அதற்குக் கீழே போனால் மீதியை ஏடிபி ஈடுகட்டும். நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் 251-ஆம் இடத்துக்காரருக்கு அது கிடையாது. அவருடைய ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் பந்தயக்காரர்களின் திரையில் நேரடியாக ஓடுகிறது. 2018-இல் டென்னிஸ் நேர்மை குறித்து ஆராய்ந்த சுயாதீனக் குழு, கீழ்மட்டப் போட்டிகளின் நேரடி ஸ்கோரை விற்பதை நிறுத்தச் சொன்னது. 156 டாலருக்கு ஆடுபவரிடம் ஒரு செட்டைத் தோற்கப் பல ஆயிரம் தருவதாக யாராவது வந்து நிற்பது ஏன் என்று புரிந்துகொள்ள வேறு விளக்கம் தேவையில்லை. முதல் சுற்றுத் தொகை அறைச் செலவையாவது ஈடுகட்டும் அளவுக்கு உயர்ந்தாக வேண்டும்.