பினாங்குப் புழுக்கத்தில் வேலைக்கு மிதிவண்டி

குளுகோரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குக் கடலோர மிதிவண்டித் தடத்தில் வேலைக்குச் செல்லும் எனக்குத் தூரத்தைவிடப் புழுக்கமே பெரிய சோதனை என்பதால், முதுகுப்பையை விடுத்து, பின்புறக் கேரியரின் இருபக்கமும் தொங்கும் பைகளில் மாற்றுச் சட்டையையும் மதிய உணவையும் வைத்துக்கொள்வதையே மிக முக்கியமான மாற்றமாகக் கருதுகிறேன். முதுகில் கடற்காற்றுப் படும்போது சட்டை நனைவது வெகுவாகக் குறைகிறது.

அடுத்தது இருக்கையின் உயரம். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள வரம்புக்குள் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தால், கைகளுக்கு ஏறும் அதிர்வு நன்றாகத் தணியும்; அகலமான டயர் இன்னும் நல்லது.

மாலை மழை பெய்யும் மாதங்களில் மட்கார்டு இல்லாமல் புறப்படுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.