விடுமுறை இல்லாத கிறிஸ்துமஸ்: யோகோஹாமாவில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு

ஜப்பானில் டிசம்பர் 25 வேலை நாள். பள்ளி உண்டு, வங்கி உண்டு, காலை ரயிலில் வழக்கமான நெரிசலும் உண்டு. நவம்பர் பாதியிலிருந்தே கடைகளில் மரம், தெருவெல்லாம் விளக்கு, லிஃப்டுக்குள்கூட கிறிஸ்துமஸ் இசை. ஆனால் அந்த நாளுக்கு விடுமுறை மட்டும் கிடையாது. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும் நாட்டில் விடுமுறை இல்லாதது ஆச்சரியமில்லை. அது இல்லாமலே இவ்வளவு ஆர்ப்பாட்டம் எப்படி என்பதுதான் ஆச்சரியம்.

அலுவலக வேலையாக யோகோஹாமாவில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். உடன் வேலை பார்த்த அமெரிக்க நண்பர், 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து இரவு தங்கிவிட்டுப் போகச் சொன்னார். மிச்சிகன்காரர். மனைவி, ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். பிள்ளைகள் இருவரும் பக்கத்து ஜப்பானிய அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். "பண்டிகை நாளில் தனியாக அறையில் உட்காராதீர்கள்" என்றார். அது என் பண்டிகை இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவன், சாப்பாட்டை நினைத்து அடக்கிக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன்பு நிலைமை கொஞ்சம் பரவாயில்லையாம். அகிஹிதோ பேரரசராக இருந்தவரை அவர் பிறந்த நாளான டிசம்பர் 23 தேசிய விடுமுறை. அன்றைக்கே சமையலையும் அலங்காரத்தையும் முடித்துவிடுவார்கள். 2019-இல் அவர் முடி துறந்தார். புதிய பேரரசரின் பிறந்த நாள் பிப்ரவரி 23. "பேரரசர் ஓய்வு பெற்றதில் ஜப்பானியர்களைவிட எனக்குத்தான் நஷ்டம்" என்றார் நண்பரின் மனைவி.

வீடு நான்காவது மாடியில், சின்ன அடுக்ககம். இடுப்பளவு பிளாஸ்டிக் மரம் கூடத்தின் கால்வாசியைப் பிடித்துக்கொண்டது. மரத்தின் நுனியைச் சுவரில் ஓர் ஆணியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நிலநடுக்கத்துக்காக. கண்ணாடிக் குண்டுகள் ஏற்கெனவே ஒருமுறை உருண்டிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய விளக்குச் சரம் கொஞ்சம் மங்கலாக எரிந்தது. பிளக் அப்படியே பொருந்தும், ஆனால் அங்கே 120 வோல்ட், இங்கே 100. எனக்கென்னவோ அந்த மங்கல்தான் பிடித்திருந்தது. வெளியே வணிக வளாகங்களில் எரிவது கண்ணைக் கூசும்.

அடுத்தது வான்கோழிப் பிரச்சினை. வெளிநாட்டுச் சரக்கு விற்கும் கடைகளில் உறைய வைத்தது கிடைக்கும். வாங்கலாம், வேக வைக்க முடியாது. பெரும்பாலான ஜப்பானிய சமையலறைகளில் இருப்பது அடுப்புக்கு அடியில் மீன் சுடும் ஒரு சின்ன இழுப்பறை, அதோடு மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த ஒரு பெட்டி. அதற்குள் ஒரு முழுக் கோழி ஒடுங்கிப் படுக்கும். வான்கோழியின் ஒரு கால் உள்ளே போனால் மற்றது வெளியே நிற்கும். அதனால் இவர்கள் வீட்டில் வான்கோழி எப்போதோ கோழியாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்றால் கே.எஃப்.சி. கோழி. 1970-இல் அங்கே முதல் கடை திறந்தார்கள். 1974-இல் 'கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி' என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தார்கள். பிடித்துக்கொண்டது. வான்கோழி கிடைக்காத வெளிநாட்டுக்காரர் ஒருவர் பண்டிகைக்குக் கோழி வாங்க வந்தார், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, நண்பர் வீட்டு நிலைமைக்கு அச்சாகப் பொருந்துகிறது. பள்ளித் தோழர்கள் எல்லோர் வீட்டிலும் 24-ஆம் தேதி வாளிக் கோழி, அதாவது கே.எஃப்.சி. காகித வாளியில் போட்டுத் தரும் பொரித்த கோழி, என்பதால் பிள்ளைகளும் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். அப்படியும் சாயங்காலம் கடை வாசலில் வரிசை. வாசலில் நிற்கும் கே.எஃப்.சி. நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் பொம்மைக்குச் சாண்டா உடுப்பு மாட்டியிருந்தது. "இதைப் படம் எடுத்து எங்கள் ஊருக்கு அனுப்பினால் ஒரு வாரம் சிரிப்பார்கள்" என்றார் நண்பர், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபடி.

அதற்கு முன், மதியம் யாமாதே குன்றுக்குப் போயிருந்தோம். யோகோஹாமா 1859-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகம். வந்த வியாபாரிகள் குடியேறிய மேடு இது. அவர்கள் காலத்து பாணியில் மிஞ்சியிருக்கும் மேற்கத்திய வீடுகளை டிசம்பரில் ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக் கிறிஸ்துமஸாக அலங்கரிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிக் ஹால் 1930-இல் கட்டியது. பிரிட்டிஷ் வணிகருக்காக ஜே.எச். மோர்கன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வரைந்த வீடு. அங்கே கணப்படுப்பைப் பார்த்ததும் பையன் நின்றுவிட்டான். சாண்டா இறங்க வசதியான வீடு ஜப்பானில் இது ஒன்றுதான், இங்கே யாரும் குடியில்லையே என்று அவனுக்குக் கவலை. அறையில் எங்களைத் தவிர எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். 24-ஆம் தேதி இங்கே காதலர் நாள். நல்ல உணவகங்களில் அன்று குடும்பத்தோடு போய் இடம் கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

மாலைத் திருப்பலி அதே குன்றில் இருக்கும் திருஇருதயப் பேராலயத்தில். நாடு மறுபடி திறந்த பிறகு ஜப்பானில் எழுந்த முதல் கத்தோலிக்க ஆலயம், 1862-இல் கீழே துறைமுகப் பக்கம் இருந்தது. பின்னர் மேட்டுக்கு வந்தது, 1923 பெருநடுக்கத்தில் இடிந்தது. இப்போதைய கட்டடம் 1933-இல் எழுப்பியது. உள்ளே ஜப்பானியர்களும் வெளிநாட்டவரும் தோளோடு தோள். பாட்டு வரிகள் ஜப்பானியம், மெட்டு மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் இருவரும் தாய் தந்தையைவிடச் சரளமாகப் பாடினார்கள்.

வெளியே வந்ததும் நண்பரின் மனைவி சவேரியாரைப் பற்றிச் சொன்னார்: 1549-இல் ககோஷிமாவில் வந்து இறங்கியவர். யாமாகுச்சி நகரில் 1552-இல் அவருடைய சகாக்கள் நடத்திய பூசைதான் ஜப்பானின் முதல் கிறிஸ்துமஸ் என்பார்கள். அப்புறம் 1614-இல் நாடு முழுக்கத் தடை, 1873-இல்தான் அது விலகியது. நான் என் பங்குக்குச் சொன்னேன்: ஜப்பானுக்கு வருவதற்கு முன் அவர் இருந்தது எங்கள் தூத்துக்குடிப் பக்கம், முத்துக்குளித்துறையில். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் காட்டுகிறார்கள். நண்பரின் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. போனில் படத்தைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

இரவு வாளிக் கோழி. அப்புறம் சாண்டாவுக்குத் தட்டு வைக்கும் சடங்கு: ஒரு கோப்பை பால், இரண்டு பிஸ்கட். பெண் யோசித்துவிட்டு ஒரு முறுக்கையும் வைத்தாள். கூடத்தில் மரத்தடியில் எனக்கு மெத்தை விரித்திருந்தார்கள், ஆகவே முறுக்கைக் கடிக்கும் ஓசை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

திங்கள் காலை ஆறு மணிக்கே வீடு எழுந்துவிட்டது. தோழர்களுக்கெல்லாம் தலையணை அருகே ஒரே ஒரு பரிசு. இவர்களுக்கு மரத்தடியில் ஒரு குவியல். ஆனால் எட்டு மணிக்குப் பள்ளி, அன்றுதான் பருவத்தின் கடைசி நாள். அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்: காலையில் காலுறைக்குள் இருப்பதை மட்டும் பிரிக்கலாம், மற்றதெல்லாம் சாயங்காலம். அந்தப் பத்து மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது பையனின் முகத்தில் தெரிந்தது.

ஏழு மணிக்கு மிச்சிகன் பாட்டிக்கு வீடியோ அழைப்பு. அங்கே 24 சாயங்காலம் ஐந்து மணி, பதினான்கு மணி நேரம் பின்னால். அத்தை பிள்ளைகள் திரையை மொய்த்தார்கள்.

"சாண்டா எங்க வீட்டுக்கு வந்துட்டார்!"

"எங்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

"நான் தூங்கிட்டேன். ஆனா இந்தியப் பலகாரம் சாப்பிட்டிருக்கார்."

பாட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு பிள்ளைகள் பெட்டி மாதிரி கனத்த பள்ளிப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்ப, நண்பரும் நானும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினோம். கிறிஸ்துமஸ் காலை எட்டு மணிக்கு வீட்டில் மிச்சமிருந்தது நண்பரின் மனைவி மட்டும். எனக்கு அதுதான் உறுத்தியது. ஒரு நாளைப் பண்டிகையாக்குவது விளக்கும் பாட்டும் இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதுதான் என்று தோன்றியது. "எங்கள் ஊரில் அன்றைக்குக் கடை அடைத்து, தெரு காலியாகி, எல்லோரும் வீட்டுக்குள் இருப்போம். இங்கே தெருவில் எல்லாம் இருக்கிறது, வீட்டுக்குள் ஒன்றுமில்லை" என்று அவர் முந்தின நாள் சொன்னார். அப்படி வீடடங்கும் நாள் ஜப்பானுக்கும் உண்டு, ஆனால் அது ஜனவரி 1. அமெரிக்கர்கள் நண்பர்களோடு கூத்தடிப்பது புத்தாண்டுக்கு, ஜப்பானியர்கள் கிறிஸ்துமஸுக்கு. அப்படியே மாற்றிப் போட்ட மாதிரி.

அவர் அன்று பகலில் செய்த வேலையும் அதைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவுக்குக் கிறிஸ்துமஸ் அட்டைகள் என்றோ போய்விட்டன. ஜப்பானிய நண்பர்களுக்கு அனுப்புவது புத்தாண்டு அட்டை. 25-ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் அத்தனையையும் நிறுத்தி வைத்து ஜனவரி 1 காலையில் ஒட்டுமொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த ஆண்டு துக்கம் நேர்ந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்பக் கூடாது. கீழ்த்தளத்துக் குடும்பம் அப்படி முன்கூட்டியே தெரிவித்திருந்ததால் அவர்களுக்கு அட்டைக்குப் பதில் ஒரு டப்பா பிஸ்கட் போனது.

வேலை முடிந்து திரும்பும்போது நண்பர் ரயில் நிலைய பேக்கரிப் பக்கம் திரும்பினார். வெள்ளைக் கிரீமும் செவ்வண்ண ஸ்ட்ராபெரியும் வைத்த கேக், இதுவும் கட்டாயம். 1910-இல் இதே ஊரின் மோதோமாச்சியில் தொடங்கிய ஃபுஜியா கடைதான் கிறிஸ்துமஸ் கேக்கை ஜப்பானில் முதலில் விற்றது என்கிறார்கள். மிச்சிகனில் இந்த நாளுக்குக் கிரீம் கேக் வழக்கமே இல்லை. ஆனால் 25 மாலையில் எல்லாக் கேக்கிலும் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் பண்டிகை முந்தின இரவே முடிந்துவிட்டதே. "பண்டிகை நாளில் பாதி விலைக்கு வாங்க முடிகிற ஒரே அமெரிக்கர்கள் நாங்கள்" என்று பெரிய கேக்காகப் பார்த்து எடுத்தார்.

ஏழு மணிக்கு எல்லோரும் சேர்ந்தோம். மைக்ரோவேவுக்குள் ஒடுங்கி வெந்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, டின்னில் வந்த கிரான்பெரி, மிச்ச முறுக்கு. பரிசுகளைப் பிரித்த வேகத்தில் காகிதம் என் தட்டில் விழுந்தது.

26 காலையில் ரயில் நிலையம் போகும் வழியில் பார்த்தேன். இரவோடு இரவாக மரங்களை எடுத்துவிட்டு, புத்தாண்டு அலங்காரமாக மூங்கிலும் பைன் கிளையும் நிறுத்திவிட்டார்கள். நண்பர் வீட்டு மரம் மட்டும் அப்படியே. இதைப் பால்கனியிலிருந்து கவனித்த பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, கதவைத் தட்டி, வேலை அதிகமா, மரத்தைப் பிரிக்க உதவி வேண்டுமா என்று கேட்டாராம். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை எங்கள் வழக்கப்படி வைப்போம் என்று விளக்கியதும், உள்ளே போய்ப் புத்தாண்டுக்கு வாசலில் கட்டும் வைக்கோல் கயிற்று அலங்காரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். இன்றைக்கே கட்டிவிடுங்கள், 29 ஆகாது என்றாராம். அது அந்தப் பக்கங்களில் ஜனவரி 7 வரை தொங்கும். ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டையும் கழற்றியதாக நண்பர் பிறகு செய்தி அனுப்பினார்.