புரியாத மொழியில் கேட்ட தீர்ப்புகள்

மாடலாக வேலை செய்ய நான் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது ஒரு பிப்ரவரி மாதத்தில். ஃபேஷன் வாரத்துக்கான காஸ்டிங்குகள், அதாவது மாடல்களை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சந்திப்புகள், நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே நாளில் ஏழு, எட்டு இடங்களுக்கு மெட்ரோவில் ஓட வேண்டியிருந்தது. மாடிப்படியில் நெடுநேரம் வரிசையில் நின்று, உள்ளே போய், என் படங்களும் அளவுகளும் அச்சிட்ட காம்ப் கார்டை மேசையில் வைத்து, பத்து அடி நடந்து திரும்பி நின்றால் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ பேசிக்கொள்வார்கள். பிறகு ஒரு ‘மெர்சி’, அதாவது நன்றி. ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

யாரும் சொல்லாத அந்தக் காரணத்தை நானே எழுதிக்கொண்டேன். பிரெஞ்சில் எனக்கு வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரிந்திருந்ததால், அவர்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் பயமே பொருள் சொன்னது: இடுப்பு பெரியது, நிறம் கறுப்பு, வயது கடந்துவிட்டது. மொழி தெரிந்த ஊரில் இருந்திருந்தால் பக்கத்தில் நடக்கும் பேச்சில் பாதியாவது என்னைப் பற்றியதல்ல என்று காதே பிரித்துக் காட்டியிருக்கும். இங்கு எல்லாப் பேச்சும் என்மீதே வந்து விழுந்தது. இரவில் படுத்தால் அந்தக் கற்பனைத் தீர்ப்புகள்தாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும்.

அந்த நிலையில்தான் எனக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சியில் ஒருவர் மற்ற பெண்களின் முன்னிலையில் அளவு நாடாவால் என் இடுப்பை அளந்து, எண்ணை உரக்கச் சொன்னார். அன்றிலிருந்து நான் சாப்பாட்டைக் குறைத்தேன். அதை ஒழுக்கம் என்றே நம்பினேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என்னைத் தடுத்தது ஒரு மருத்துவச் சான்றிதழ். பிரான்ஸில் 2016ஆம் ஆண்டின் சட்டமும் 2017 மே மாதத்தில் வந்த விதிகளும், மாடலாக வேலை செய்பவர் தம் உடல்நிலை அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கிறது என்று மருத்துவரிடம் சான்று பெற வேண்டும் என்கின்றன. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமும் அதில் கணக்கில் எடுக்கப்படும். அதை வெறும் காகித வேலை என்று நினைத்துப் போனேன். மருத்துவரோ எடையைக் குறித்துக்கொண்ட பிறகு, எப்படித் தூங்குகிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இங்கு யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வந்த நாள் முதல் என் உடலைப் பற்றி, அது எப்படித் தெரிகிறது என்று அல்லாமல், எப்படி இருக்கிறது என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்னபடி இரண்டு காரியங்களைத் தொடங்கினேன்: ஒன்று, உளவியலாளரைச் சந்திப்பது, மற்றொன்று, பிரெஞ்சு வகுப்பு. உளவியலாளரைச் சந்திக்க இங்கு ‘மோன் ஸுத்தியென் ப்ஸி’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 2024 முதல் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமலேயே ஆண்டுக்குப் பன்னிரண்டு அமர்வுகள் வரை போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் எந்த நேரத்திலும் அழைக்க 3114 என்ற இலவச எண்ணும் உண்டு. ‘மனசு சரியில்லை’ என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடுவதை முதல் அமர்வில் எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் என்னை நானே மதிக்கக் கற்றுத்தந்ததில் பெரும்பங்கு பிரெஞ்சு வகுப்புக்கே உரியது என்று நினைக்கிறேன். ஏழெட்டு மாதங்களில் மேசைக்குப் பின்னாலிருந்த பேச்சு மெல்ல மெல்லப் புரியத் தொடங்கியது. கைவசம் இருக்கும் காலணிகள் எந்த அளவு, இரண்டு மணிக்குள் முடித்துவிடலாமா, அந்த நீல உடையை யாருக்கு ஒதுக்கினோம் என்பவைதாம் அவர்கள் பேசியவை. ஒருமுறை என்னைப் பற்றியே பேசினார்கள்: “நன்றாக நடக்கிறாள், ஆனால் உடை அவளுக்குச் சிறியது.” சிறியது உடை என்றுதான் அவர் சொன்னார். முன்பு என்றால் அதையும் என் உடலின் குற்றமாகவே கேட்டிருப்பேன்.

உண்மையிலேயே புண்படுத்தும் பேச்சும் ஒரு நாள் காதில் விழுந்தது; என் நிறத்தைப் பற்றியது. அன்று நான் உடைந்துபோகாததற்குக் காரணம், சொன்னவர் யார், சொன்ன சொல் எது என்று எனக்குத் திட்டமாகத் தெரிந்திருந்ததுதான். அதை அப்படியே எழுதி, ஏஜென்சியில் என் வேலைகளை ஏற்பாடு செய்யும் புக்கருக்கு அனுப்பி, அந்த இடத்துக்கு இனிப் போவதில்லை என்றேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

பணத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. தங்குமிடம், சோதனைப் படங்கள், காம்ப் கார்டு என்று ஏஜென்சி முன்பணமாகச் செலவழிப்பதெல்லாம் நம் கணக்கில் கடனாக ஏறும். அந்தத் தொகை தெரியாமல் இருந்த மாதங்களில் எந்த வேலையையும் மறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது மாதந்தோறும் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்.

அம்மாவோடும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ‘ஆப்ஷன்’ வைத்திருக்கிறார்கள், அதாவது இன்னும் உறுதியாகாமல் என் தேதியை மட்டும் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்ன வேலைகளையெல்லாம் கிடைத்துவிட்டதாகவே அம்மா எண்ணிக்கொள்வார். அது கைவிட்டுப் போகும்போது இருவருக்குமாகச் சேர்த்து நானே துக்கப்பட வேண்டியிருக்கும். உறுதியான வேலையை மட்டுமே சொல்வேன் என்றேன். “சரிம்மா, நீ சாப்பிட்டியா, தூங்கினியான்னு மட்டும் கேட்டுக்கிறேன்” என்றார்.

சென்ற சீசனில், வேறு நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் காஸ்டிங் அறையிலிருந்து முகம் வெளுத்து வெளியே வந்தாள். நான் நடக்கும்போது என்னவோ சொன்னார்களே, உனக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டிருந்தது. குளிர்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றார்கள் என்று சொன்னேன்.