சுமோ பிடிகளைப் பழைய ஆட்டங்களில் படிக்க ஒரு வழி

ஜப்பான் சுமோ சங்கம் இன்று அங்கீகரிக்கும் வெற்றி முறைகள், அதாவது கிமரிதே, 82. பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அவற்றில் பல, வருடக்கணக்கில் கண்ணில் படாதவை.

நான்கு எறிதல்களில் தொடங்குங்கள். இரண்டே கேள்விகள்: எறிபவரின் கை எதிராளியின் கைக்கு மேலா, கீழா? அது மவாஷி என்னும் இடுப்புக் கச்சையைப் பிடித்திருக்கிறதா? மேலே, பிடியோடு என்றால் உவாத்தெநாகே. கீழே, பிடியோடு ஷிதாத்தெநாகே. பிடி இல்லாவிட்டால் மேலே கோத்தெநாகே, கீழே சுகுயிநாகே.

ஷிதாத்தெநாகேவுக்கு வாஜிமாவைப் பாருங்கள். 54ஆவது யோகொசுனா, அதாவது சுமோவின் உச்சப் பட்டநிலை வீரர்; அவருடைய இடக்கையைத் தங்கக் கை என்றே சொல்வார்கள். உவாத்தெநாகேவுக்கு 31 பட்டம் வென்ற சியோனோஃபுஜி. பலர் சறுக்குவது இங்கேதான். அவரும் இடக்கைக்குப் பேர்போனவர் என்பதால் ‘ஹிதாரி-யோத்சு’, இடப்பிடி, என்று குறித்துவிடுகிறார்கள். பிடிக்குப் பெயர் வருவது உள்ளே நுழைந்த கையால். வாஜிமாவுக்கு உள்ளே போவது இடக்கை. சியோனோஃபுஜிக்கு வலக்கை உள்ளே, இடக்கை வெளியே. ஆகவே அது ‘மிகி-யோத்சு’.

அவர் எறியும் நொடியை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். மோதிய உடனே இடக்கை மவாஷியின் முன்பக்கத்தைப் பற்றும், நெற்றி எதிராளியின் மார்பில் ஊன்றும். எதிராளிக்கு அவருடைய கச்சை எட்டாது. பிறகு முன்னோக்கித் தள்ளல். பல ஆட்டங்கள் அதிலேயே யொரிகிரியாக, அதாவது கச்சையைப் பிடித்தபடியே வளையத்துக்கு வெளியே தள்ளுவதாக, முடிந்துவிடும். எதிராளி எதிர்த்து நின்றால்தான் எறிதல். அப்போது வலக்கை எதிராளியின் தலையை அமுக்குவதைக் கவனியுங்கள்.

காணொளியின் ஒலியை அணைத்து, கால் பங்கு வேகத்தில் ஓட்டுங்கள். மோதல் முடிந்ததும் நிறுத்தி, யார் கை எங்கே என்று எழுதிவிட்டு முடிவை ஊகியுங்கள். உங்களுக்கு முதுகு காட்டுபவரின் இடப்பக்கம்தான் உங்கள் இடப்பக்கம். எதிரே நிற்பவருக்கு அது மாறும். பாதித் தவறுகள் இதில்தான் வரும்.

தள்ளு ஆட்டத்துக்கு 203 செ.மீ. உயர யோகொசுனா அகெபோனோ. உள்ளங்கை ஒட்டியபடி தள்ளி வெளியேற்றினால் ஒஷிதாஷி, விட்டு விட்டுக் குத்தித் தள்ளினால் சுகிதாஷி. இரண்டில் எது என்று பிரிக்க முடியாத ஆட்டங்களில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்; அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழைய யோகொசுனா ஃபுதபயாமாவைக் கடைசியாக வையுங்கள்; பழைய படச்சுருள்களில் கைகள் தெளிவாகத் தெரியாது. அவருடைய 69 தொடர் வெற்றிகள் 1939 ஜனவரியில் அகினோஉமி என்ற வீரரிடம் முறிந்தது சொதொகாகேவில். எதிராளியின் காலை வெளிப்புறமாகச் சுற்றிக் கொக்கி போட்டு வீழ்த்துவது அது. உட்புறமாகப் போட்டால் உச்சிகாகே.