பதினான்கு சட்டை

அப்பா பெங்களூர் பீன்யாவில் லேத் ஓட்டினார். முப்பத்தோரு வருஷத்தில் பதினோரு பட்டறை. சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் யாராவது ஒருத்தர் "இப்போ எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்கள், அந்த "இப்போ"வை மட்டும் கொஞ்சம் இழுத்து. சித்தப்பா ஒரே அரசு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த இழுவையை மறுபடி நான் கேட்டது 2019 மே மாதம், ஒயிட்ஃபீல்டில், நைட் ஷிஃப்டில். எங்கள் கிளையன்ட் அமெரிக்காக்காரர்கள். கால் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் பேஸ்பால் பேசுவார்கள், புரியாமல் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் நான் அந்த ஆட்டத்தையே பார்க்க ஆரம்பித்தேன். அன்றைக்கு ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: எட்வின் ஜாக்சன் என்ற பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், இப்போது டொரன்டோ ப்ளூ ஜேஸுக்கு வந்துவிட்டாராம், அது பதினான்காவது டீமாம். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகில் அன்றைக்கு வரை அத்தனை டீமுக்கு வேறு யாரும் ஆடியதில்லை. அதுவரை ஆக்டேவியோ டோட்டெல் என்ற பிட்சரின் பதின்மூன்றுதான் சாதனை.

இப்படி டீம் டீமாய்ப் போகிறவரை அங்கே ஜர்னிமேன் என்பார்கள். பழைய காலத்தில் தொழிலை முழுசாகக் கற்று முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல், இன்னொருவரிடம் நாள்கூலிக்குப் போன தொழிலாளிக்கு இருந்த பெயர் அது. அதைப் படித்த அன்றே இந்த மனிதரை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

2003 செப்டம்பர் 9. அன்று அவருக்குச் சரியாக இருபது வயது. டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம், எதிரே அரிசோனா டீமில் ராண்டி ஜான்சன், அந்தத் தலைமுறையின் பெரிய பிட்சர்களில் ஒருவர். ஜெயித்தது பையன். அப்படித் தொடங்கியவர் நட்சத்திரமாகியிருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய குறையும். 107 வெற்றி, 133 தோல்வி என்று கணக்கைக் காட்டுவார்கள். 2013-இல் சிகாகோ கப்ஸுக்காக மட்டும் 18 தோல்வி. உண்மைதான், மறைக்கவில்லை.

ஆனால் 2010 ஜூன் 25 ஆட்டத்தை ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அரிசோனா சட்டையில், தன் பழைய டீமான டாம்பா பே மேல், அவர்கள் மைதானத்திலேயே வீசுகிறார். பேஸ்பாலில் அடிக்கத் தோதான கட்டத்துக்கு வெளியே நாலு பந்து போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, நடந்து போகலாம், அதற்கு வாக் என்று பெயர். முதல் மூன்று இன்னிங்ஸில் ஏழு வாக் கொடுத்தார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருத்தர்கூட அவுட் இல்லை, மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், எல்லோரையும் அவரே நடக்க விட்டது, நம் கிரிக்கெட்டாக இருந்தால் கேப்டன் அப்போதே பந்தைப் பிடுங்கி இன்னொருத்தர் கையில் கொடுத்திருப்பார். ஒரு ரன்கூடப் போகாமல் வெளியே வந்தார். பொதுவாக ஒரு பிட்சர் நூறு பந்தைத் தொட்டாலே எடுத்துவிடுவார்கள், அவர் அன்றைக்கு 149 வீசினார். கடைசியில் 1-0, எதிராளிக்கு ஒரு ஹிட்கூட இல்லை, தன் அடியாலேயே பேஸைப் பிடித்தவர் ஒருத்தரும் இல்லை. நோ-ஹிட்டர் என்பது ஒரு பிட்சருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிது.

ஐந்தே வாரத்தில் அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இளம் பிட்சர்களை வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் ஜூலையில் ஒயிட் சாக்ஸ் அவரை ப்ளூ ஜேஸுக்கு மாற்றிக் கொடுத்தது, அதே நாளில் ப்ளூ ஜேஸ் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது. அந்தப் பேரத்தில் கூடவே போனவர் டோட்டெல்! இரண்டு நாடோடிகளும் சேர்ந்து அந்த வருஷமே மேஜர் லீகின் இறுதிக் கோப்பையான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தார்கள். சில மணி நேரம் மட்டும் தாளில் இருந்த ப்ளூ ஜேஸ் சட்டையை அவர் உடம்பில் போட எட்டு வருஷம் ஆனது, டோட்டெலின் சாதனையைத் தாண்டியது அதே சட்டையில்.

2018-இல் ஒரு படி கீழே, மைனர் லீகில் வீசிக்கொண்டிருந்தார். ஓக்லண்ட் டீமில் பிட்சர்களுக்கு வரிசையாகக் காயம். கூப்பிட்டார்கள். ஜூன் 25, அந்த நோ-ஹிட்டர் போட்டு சரியாக எட்டு வருஷம் கழித்து, அவர்களுக்காக முதல் ஆட்டம். 17 ஆட்டம் தொடங்கி வீசினார், ஓக்லண்ட் பிளேஆஃபுக்கு, கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, போனது. இதைத்தான் அந்தச் சிரிப்புக்காரரிடம் சொல்ல நினைத்தேன், அன்றைக்கு வாய் வரவில்லை. பதினான்கு பேர் அனுப்பினார்கள் என்று எண்ணுகிறீர்களே, பதினான்கு பேர் கூப்பிட்டார்கள் என்று ஏன் எண்ணுவதில்லை? நம்பி பந்தைக் கையில் கொடுக்காமல் யாரும் பதினான்காவது டீமுக்குப் போக முடியாது.

அப்பாவுக்கும் போன் வரும். பெரும்பாலும் ராத்திரி ஒன்பதுக்கு மேல். எங்கோ ஒரு பட்டறையில் அவசர ஆர்டர், ஆள் நின்றுவிட்டான், அளவு உட்காரவில்லை. அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார். உள்ளே லேத்தில் இரும்பைச் சீவ அவரே கிரைண்டரில் தீட்டிய டூல் பிட்டுகள், ஒவ்வொன்றும் எண்ணெய் தோய்ந்த பனியன் துணியில் சுற்றியிருக்கும். பட்டறை மாறும், மெஷின் மாறும், டப்பா ஒன்றுதான். ஒரு முதலாளி மூன்று மாச பாக்கியைத் தராமலே அனுப்பினார், அன்றைக்கும் அந்த டப்பாவோடுதான் வீட்டுக்கு வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த 2010 ஆட்டத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது இன்னிங்ஸைத் திரும்ப வைக்கச் சொன்னார். "கை செட் ஆகற வரைக்கும் விட்டு வச்சிருக்காங்க பாரு" என்றார். அப்புறம் பதினான்கு டீம் பெயரையும் வாசிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல ரெண்டாவது வாட்டி கூப்பிட்டது எத்தனை?"

வாஷிங்டன், டெட்ராய்ட், இரண்டு என்றேன்.

விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் எண்ணினார்.

"எனக்கு மூணு" என்றார்.