நாலு கோர் உடுப்புக் கொடி

வட்டக்கச்சியில் எங்கள் வீடு றோட்டுக் கரையில் இருக்கிறது. கோழிக்கூடு வயலுக்கு அங்கால், பின் வளவில். இடையில் 300 மீற்றர். வீட்டுக்கு இன்ரநெற் வந்து இரண்டு வருசமாகியும் கோழிக்கூட்டுக்குப் போகவில்லை. கோழிகளும் கேட்கவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று அவை குறைந்துகொண்டே வந்தன. மரநாய் என்றேன் நான். இரண்டு கால் மரநாய் என்றார் மச்சான். கமரா பூட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது.

முதலில் சாதாரண லான் வயர் இழுத்தோம். அது 100 மீற்றருக்கு மேல் ஒழுங்காக வேலை செய்யாது என்பதால் வயல் வரம்பில் இரண்டு இடத்தில், சிக்னலைத் திரும்பத் தள்ளிவிடுகிற நெற்வேர்க் சுவிட்ச் வைத்து, மேலே பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்துவிட்டோம். ஐப்பசி மாதத்து இடி ஒன்றோடு இரண்டு சுவிட்ச், கமரா, வீட்டு றவுட்டர் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. வெளியில் செப்புக் கம்பியை நீளத்துக்கு இழுப்பது மின்னலுக்குப் படலையைத் திறந்து வைப்பது மாதிரி. வாளி இரண்டும் தப்பிவிட்டன.

அடுத்தது ரேடியோ. இந்தப் பக்கம் ஒரு அன்ரெனா, அந்தப் பக்கம் ஒன்று. கோடை முழுக்க அருமையாக ஓடியது. மழை தொடங்கியதும் நடுவில் நின்ற தேக்குகளுக்கு இலை வந்தது, எங்களுக்குச் சிக்னல் போனது. தேக்கைத் தறி என்று சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் கிளிநொச்சியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி இரண்டு வயர்த் துண்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று வெட்டுமுகத்தில் 8 மாதிரி இருந்தது. மேல் வட்டத்தில் உருக்குக் கம்பி, கீழ் வட்டத்தில் ஃபைபர், அதாவது வெளிச்சத்தில் செய்தி கொண்டுபோகிற கண்ணாடி இழை. கம்பி பாரத்தைத் தாங்கும், ஃபைபர் அதில் தொங்கிக்கொண்டு போகும். மலிவு. மற்றது உருண்டையாக, 7 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் உலோகமே இல்லை. உள்ளே மஞ்சள் நூல் கற்றை ஒன்று. குண்டு துளைக்காத உடுப்பில் வருகிற அதே அரமிட் நூல்தான் அந்த வயரைத் தாங்குகிறதாம். பெயர் ஏடிஎஸ்எஸ்.

"மின்னல் பயம் எண்டால் இதை எடுங்கோ அண்ணை. இது தன்னைத் தானே தாங்கும்."

அந்தக் கடைசி வசனத்தை வீட்டுக்கு வந்து பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அந்த இடத்தில்தான் பிழை தொடங்கியது.

புதைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் கலப்பை சும்மா விடாது, எலியும் விடாது. அதோடு, அலவாங்கோடு யாராவது நிலத்தைத் தோண்டினால் அம்மா இன்றைக்கும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார். ஆறு குழிதான், அதுவும் எங்கள் வரம்பிலேதான் என்றதும் சம்மதித்தார். கரண்ட் போஸ்ற்றில் கை வைக்காமல் சொந்தமாக ஆறு இரும்புக் குழாய் நட்டுக் கொங்கிறீட் போட்டோம். 60 மீற்றருக்கு ஒன்று. வெட்டு மெசின் கீழால் போய்வர வேண்டுமே, அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

மச்சான் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டத்தான் ஆயத்தமாக நின்றார். இறுக்கிக் கட்டினால் உள்ளே தலைமயிர் அளவு கண்ணாடி நசியும். அதற்கென்றே வயரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மேல் முறுக்கிப் போடுகிற சுருள் கிளாம்ப் இருக்கிறது. அது ஓரிடத்தில் நெரிக்காமல் நீளத்துக்குப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் இழுவை. 60 மீற்றருக்கு 60 சென்ரிமீற்றராவது தொய்வு விடுங்கள் என்று கடைக்காரத் தம்பி சொல்லியிருந்தார். மச்சானுக்குத் தொய்வு என்றால் சோம்பல். நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து வயரை லாண்ட்மாஸ்டரில், எங்கள் இரண்டு சில்லு உழவு மெசினில், கொழுவி இழுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் வயர் ஈர்க்குப் போல நேராக நிற்கிறது, கடைசிக் குழாய் கோழிக்கூட்டைக் கும்பிடுகிறது. தொய்வைப் பாதியாக்கினால் இழுவை இரண்டு மடங்கு. நேராக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. வயரைத் தளர்த்தி, குழாயை நிமிர்த்தி, இழுகம்பி அடித்தோம். லாண்ட்மாஸ்டர் சாவி அன்றிலிருந்து என்னிடம்.

வீட்டுப் பக்கத்துக் குழாயில் 15 மீற்றர் வயரைச் சுருட்டித் தொங்கவிட்டோம். நாளைக்கு எங்காவது அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கு அந்த மிச்சம் வேண்டும். வயருக்குள் நாலு கோர், அதாவது நாலு கண்ணாடி இழை. இரண்டு வேலைக்கு, இரண்டு கையிருப்பு.

கமராவில் கோழிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு மாதம் சுகமாகப் போனது.

பிறகு புதனும் சனியும் படம் போகத் தொடங்கியது. காலை பத்து மணிக்குப் போனால் பின்னேரம் தானாக வரும். மச்சான் புதன், சனி என்று கிரகம் பார்த்தார். நான் வெளிச்சத்தைத் திரும்ப லான் சிக்னலாக்குகிற கொன்வேட்டரை மாற்றினேன், இணைப்பு முனைகளைத் துடைத்தேன். பலனில்லை. ஒரு சனிக்கிழமை ஃபைபர் ஒட்டுகிற தம்பி ஓரீடிஆர் மெசினோடு வந்தார். வெளிச்சத்தை உள்ளே விட்டு, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துப் பிழை எத்தனையாவது மீற்றரில் என்று சொல்லிவிடுமாம். கோழிக்கூட்டுப் பக்கம் கொழுவிப் பார்த்தார்.

"309 மீற்றரில வெளிச்சம் ஒழுகுது அண்ணை. எங்கேயோ நல்லா வளைஞ்சிருக்கு."

மெசின் சொல்வது வயரின் நீளத்தை, நிலத்தின் நீளத்தை அல்ல. தம்பி போட்ட கணக்கின்படி பிழை வீட்டுப் பக்கத்துச் சுருளில். மூன்று பேரும் வரம்பு வழியாக நடந்து வீட்டுப் பின்பக்கம் போனோம்.

குழாயில் சுருளைக் காணோம். அது முருங்கை மரம் வரைக்கும் போய், கொப்பில் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு நின்றது. அதில் இரண்டு போர்வை, மூன்று சாரம், என்னுடைய ஒரு சேட். எல்லாம் சொட்டச் சொட்ட. ஒரு தேங்காயின் சுற்றளவை விட இறுக்கி வளைக்கக் கூடாத வயர், ஈரப் போர்வையின் பாரத்தில் கொப்பை நெரித்துக்கொண்டிருந்தது. உடுப்புக் காய்ந்து பாரம் குறையக் குறைய வெளிச்சம் திரும்பியிருக்கிறது. அம்மா உடுப்புத் தோய்ப்பது புதனும் சனியும்.

"அம்மா, இது என்ன வேலை?"

"சும்மா சுருட்டித்தானே கிடந்தது? தன்னைத் தானே தாங்கும் எண்டு நீதானே சொன்னனீ. ரெண்டு சாரத்தைத் தாங்காதோ?"

தம்பி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். முடிச்சை அவிழ்த்ததும் படம் வந்துவிட்டது, கண்ணாடி அறுந்திருக்கவில்லை. திரும்பச் சுருட்டி உயரத்தில் கட்டினோம். கோழி பிடித்தது மரநாய்தான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. நாலு கால். மச்சான் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

றோலில் மிஞ்சிய துண்டில் அம்மாவுக்குத் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தோம், கிளாம்ப் எல்லாம் போட்டு. அம்மா கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"தொய்யுது. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கோ."

மச்சான் லாண்ட்மாஸ்டர் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பொக்கற்றைத் தடவிப் பார்த்தேன். சாவி இருந்தது.